உனக்கு எதுக்கு?

1

"நீங்க யாரு? பார்ட்டியா, வக்கீலா?"

நகல் பிரிவு சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தலை நிமிராமல் கேட்டார். ரெண்டும் இல்ல சார் என்றேன்.

"அப்போ மூணாம் நபர். உங்களுக்கு எதுக்கு அந்தத் தீர்ப்பு?"

சென்னையில் ஒரு கோர்ட்டு. எந்தக் கோர்ட்டு என்பது இங்கே முக்கியமில்லை. கேட்டவரும் கெட்டவர் இல்லை. அவர் மேசையிலிருக்கும் விதி அப்படிக் கேட்கச் சொல்கிறது, அவர் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி அந்தச் சன்னலில் பிறந்ததல்ல. கிணற்றடிக்குப் போன எங்கள் பாட்டியிடம் கேட்கப்பட்டது. பள்ளிக்கூடம் போன அப்பாவிடம் கேட்கப்பட்டது. செருப்புப் போட்டுக்கொண்டு நடந்த தாத்தாவிடமும் கேட்கப்பட்டது. உனக்கு எதுக்கு? காரணம் சொல்லு, அது எனக்குச் சரியென்று பட்டால் விடுகிறேன். கேட்கிறவன் வாசலில் நிற்பவனாகவும் பதில் சொல்கிறவன் வெளியே நிற்பவனாகவும் எப்போதும் இருந்து வந்த கேள்வி அது.

நான் கேட்டது என் அத்தையின் வழக்கில் சொல்லப்பட்ட தீர்ப்பை. அப்பாவின் தங்கை அவர். மந்தைவெளிப் பக்கம் கால்வாய் ஓரத்தில் குடியிருப்பவர். 1998இல் தி.நகரில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கித் துடைக்கும் வேலை. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. கேட்டார். கேட்ட இடத்தில் அந்த வீட்டுக்காரர் சாதிப் பெயரைச் சொல்லி, அதோடு இன்னொரு சொல்லையும் சேர்த்துத் திட்டினார். அத்தை சும்மா வந்துவிடவில்லை. சங்கத்துத் தோழர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. 2001இல் எதிரி விடுதலை.

"கேஸு தள்ளிட்டாங்க." இந்த இரண்டு வார்த்தைதான் எங்கள் வீட்டில் அந்த வழக்கின் ஆவணம். அத்தைக்கு இன்னொன்றும் உண்டு. அது அவர் மனசிலேயே எழுதி வைத்துக்கொண்டது: "நான் கூண்டுல ஒழுங்கா சொல்லல. அந்த வக்கீலு குறுக்க குறுக்க கேட்டாரு, எனக்கு வாய் கொழறிச்சி. அதான் போச்சு." இருபது வருஷத்துக்கு மேல் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். சாட்சிகளையும் வாக்குமூலங்களையும் தொகுக்கும் வேலையில் நான் இறங்கியபோது, அந்தத் தீர்ப்பை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

2

கோர்ட்டில் ஒரு காகிதத்தைத் தேடுவது எப்படி என்று நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன்.

கோர்ட்டுக்கு ஆளைத் தெரியாது, எண்ணைத்தான் தெரியும். எந்தக் கோர்ட்டு, வழக்கின் வகை, எண், வருஷம், இந்த நாலும் வேண்டும். சொத்து வழக்கென்றால் ஓ.எஸ். மாஜிஸ்ட்ரேட் விசாரிக்கும் குற்ற வழக்கென்றால் சி.சி. செஷன்ஸ் வழக்கென்றால் எஸ்.சி. "எஸ்.சி. நம்பர் சொல்லுங்க" என்று அவர் கேட்டதும் நான் ஒரு கணம் விறைத்துத்தான் போனேன். அப்புறம்தான் அவர் என் சாதிச் சான்றிதழைக் கேட்கவில்லை என்று புரிந்தது.

எண் தெரியாவிட்டால் போலீஸ் ஸ்டேஷன் பெயரும் குற்ற எண்ணும் வேண்டும். அதுவும் இல்லையென்றால் பெயரை வைத்துத் தேட வேண்டும். இப்போது இ-கோர்ட்ஸ் என்ற கணினி ஏற்பாட்டில் பெயர், எஃப்.ஐ.ஆர். எண், வழக்கு எண், வக்கீல் பெயர் என்று எதைக் கொடுத்தும் காசில்லாமல் தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு தனி அடையாளம் இருக்கிறது. அத்தையின் வழக்கு அதில் இல்லை. பழைய வழக்குகளுக்குப் பதிவேடுதான் கதி.

இங்கே ஒரு விஷயம். குற்ற வழக்கில் ஒரு பக்கம் 'அரசு, காவல் ஆய்வாளர் மூலம்'. மறுபக்கம் எதிரி. திட்டு வாங்கியவர் பார்ட்டி இல்லை, சாட்சி. ஆக, அத்தைக்கு நடந்ததை நான் தேட வேண்டுமானால் அத்தையின் பெயரை வைத்துத் தேட முடியாது. திட்டியவர் பெயரை வைத்துத்தான் தேட வேண்டும். கடைசியில் அத்தையின் டிரங்குப் பெட்டியில், பழைய ரேஷன் கார்டுக்கு அடியில், நாலாக மடித்த சம்மன் ஒன்று கிடைத்தது. எண் அதில் இருந்தது.

எண் கிடைத்தால் நகல் மனு போடலாம். கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, எந்த ஆவணம், என்ன தேதி, எத்தனை நகல் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பக்கக் கணக்குப் பார்த்து, எவ்வளவுக்கு முத்திரைத்தாள் கட்ட வேண்டும் என்று நோட்டீஸ் பலகையில் போடுவார்கள். அதைப் போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தவணைக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடி. நகல் கைக்கு வரும்போது அதன் கடைசியில் மனுப் போட்ட நாள், தாள் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள் எல்லாம் எழுதியிருக்கும். இது வெறும் சடங்கு அல்ல. மேல்முறையீட்டுக்கான கெடுவைக் கணக்குப் பண்ணும்போது நகல் எடுக்கத் தேவைப்பட்ட நாட்களைக் கழித்துவிட வேண்டும் என்கிறது 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு.

இன்னொன்று. கோர்ட்டுக் கட்டு சாகாவரம் பெற்றதல்ல. 1917ஆம் ஆண்டிலேயே ஆவண அழிப்புச் சட்டம் வந்துவிட்டது. கட்டின் எந்தப் பகுதியை எத்தனை வருஷம் வைத்திருப்பது, எப்போது அழிப்பது என்பதற்கு விதிகள் உண்டு. கட்டில் இருக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயுள் இல்லை. நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே காகிதம் போய்விடும்.

3

சரி, மூன்றாம் நபர் கேள்விக்கு வருவோம்.

தண்டனை பெற்ற எதிரிக்குத் தீர்ப்பின் நகல் இலவசமாக உடனே தரப்பட வேண்டும் என்றது குற்ற நடைமுறைச் சட்டத்தின் 363ஆம் பிரிவு. தீர்ப்பால் பாதிக்கப்படும் எவரும் கேட்டுப் பணம் கட்டிப் பெறலாம் என்றும் அதே பிரிவு சொன்னது. 2023இல் வந்த புதிய சட்டத்தில் அது 404ஆம் பிரிவு. சம்பந்தமில்லாதவர் கேட்டால் உயர் நீதிமன்ற விதிப்படி. அதாவது காரணம் எழுதி, பிரமாணப் பத்திரம் போட்டு, நீதிபதியின் உத்தரவு வாங்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். குஜராத் உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: கோர்ட்டு ஆவணங்களின் நகலுக்கு அந்தச் சட்டத்தின் வழியாக வரக்கூடாது, கோர்ட்டு விதிப்படிதான் வர வேண்டும், மூன்றாம் நபரிடம் காரணம் கேட்பது சரிதான்.

திறந்த கோர்ட்டில், எல்லோரும் கேட்க வாசிக்கப்பட்ட தீர்ப்பு அது. அன்றைக்கு அந்த அறையில் சும்மா வந்து உட்கார்ந்திருந்தவனிடம் நீ ஏன் கேட்கிறாய் என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதே சொற்கள் காகிதமாகி அலமாரிக்குள் போனதும் காரணம் வேண்டியிருக்கிறது. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தில் கோவிந்தசாமி நகர் வீடுகள் இடிக்கப்பட்டன. கோர்ட்டு உத்தரவு என்றார்கள். அந்த வழக்கைப் போட்டவர் அந்த வீடுகளில் குடியிருந்தவர் அல்ல. இடிப்பை எதிர்த்து ஒரு பெரியவர் தீக்குளித்துச் செத்துப்போனார். உத்தரவு நம்மைத் தேடி வரும்போது நம்மிடம் காரணம் கேட்பதில்லை. நாம் உத்தரவைத் தேடிப் போனால் காரணம் கேட்கிறது.

'நீதி கிடைக்காத இடத்தில் நகல் மட்டும் எதுக்கு?' நம் தோழர்களிலேயே சிலர் இப்படிக் கேட்பதுண்டு. கோர்ட்டே ஆதிக்கசாதியின் மொழி, அதன் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது அதன் அதிகாரத்தை ஒப்புக்கொள்வதாகும் என்பது அவர்கள் வாதம். நான் இதை ஏற்கவில்லை. வெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1968 டிசம்பர் 25, 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1970இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட்டு கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கும் வேறு சிலருக்கும் பத்தாண்டு தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. கார் வைத்திருக்கிற பெரிய மிராசுதாரர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற தோரணையில் அந்தத் தீர்ப்பு பேசியது. இன்றைக்கும் நாம் அதை மேடையில் சொல்கிறோம், எழுதுகிறோம். எப்படிச் சொல்ல முடிகிறது? அது எழுத்தில் இருப்பதால். 'தள்ளிட்டாங்க' என்ற ஒற்றைச் சொல்லோடு அது முடிந்திருந்தால் கோர்ட்டின் மனசு நமக்குத் தெரிந்திருக்காது. நகலை வாங்குவது தீர்ப்பை ஒப்புக்கொள்வது அல்ல. தீர்ப்புச் சொன்னவரையே சாட்சியாக்குவது.

மகாடு குளத்து வழக்கு இதற்கு மறுபக்கம். 1927இல் குளத்துத் தண்ணீர் எங்களுக்கு மட்டும்தான், காலங்காலமாய் அதுதான் வழக்கம் என்று சாதி இந்துக்கள் அம்பேத்கர் மீதே வழக்குப் போட்டார்கள். பத்தாண்டு கழித்து, 1937 மார்ச் 17 அன்று, பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்கள் சொன்ன அந்தத் தொன்று தொட்ட வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்றது. 'காலங்காலமாய்' என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தவர்களிடம் ஆதாரம் எங்கே என்று கேட்டபோது அவர்களால் காட்ட முடியவில்லை. எழுத்து நமக்கு எதிராகவே இருந்து வந்தது உண்மை. அதே எழுத்து அவர்களையும் கூண்டில் ஏற்றும்.

ஆகவே அந்தச் சன்னலில் நிற்கும் எவரிடமும் 'உனக்கு எதுக்கு' என்று கேட்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. காரணம் கேட்பது காகிதத்தைக் காப்பதற்கு அல்ல, வாசலைக் காப்பதற்கு. இவ்வளவு தெளிவாக இருந்தேன். பிரமாணப் பத்திரம் போடுமுன் அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லப் போனேன்.

4

"அதெல்லாம் இன்னாத்துக்குடா இப்போ?" என்றார் அத்தை.

அதே கேள்வி. சன்னலில் கேட்டபோது கொதித்தவன் இங்கே வாயடைத்துப் போனேன்.

"புஸ்தகத்துல போடணும் அத்தே. நம்ம ஜனங்க தெரிஞ்சிக்கணும்."

"அந்தாளு சொன்னானே, அந்த வார்த்தை. அது அந்தக் காயிதத்துல இருக்குமா?"

இருக்கும் என்றேன். இருந்தே ஆக வேண்டும். இந்தச் சட்டத்தில் புகார் நிற்க வேண்டுமென்றால் என்ன சொன்னான் என்பதைச் சொன்னபடியே எழுத வேண்டும். புகாரில் ஒருமுறை, வாக்குமூலத்தில் ஒருமுறை, குற்றப்பத்திரிகையில் ஒருமுறை, கூண்டில் சத்தம் போட்டு ஒருமுறை, தீர்ப்பில் ஒருமுறை. அவன் ஒரு தடவை சொன்னதை அரசாங்கம் ஐந்து தடவை சொல்ல வைத்தது. ஆறாவது தடவை நான் அச்சில் ஏற்றப் போகிறேன்.

"அப்போ அதப் போட்டு ஊருக்கெல்லாம் படிச்சிக் காட்டப் போறியா? எம் பேத்தி காலேஜ் போவுது."

இதற்கு என்ன பதில்? ஆவணம் மக்கள் சொத்து, வரலாறு, போராட்டம் என்றெல்லாம் சொல்லலாம். ஆனால் அவமானம் பட்டவர் யாரோ, போராட்டத்துக்காக அதை எடுத்து விரிப்பவர் யாரோ என்றால் அதில் ஏதோ சரியில்லை. கோர்ட்டு அத்தையைச் சாட்சியாக்கியது. நான் அவரை உதாரணமாக்கப் பார்த்தேன். இரண்டிலும் அவர் பார்ட்டி இல்லை.

எதிர்ப்பக்கமும் இதே மாதிரி ஒன்று கேட்கப்படுகிறது. குற்ற வழக்கில் விடுதலையான ஒருவர், தீர்ப்பிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள், தேடினால் வருகிறது, வாழ்க்கை கெடுகிறது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2021இல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளையில் இரண்டு நீதிபதிகள் பெயரை மறைக்கச் சொன்னார்கள். அந்த ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. விடுதலையானவனின் மானம் பற்றி இத்தனை கோர்ட்டுகள் யோசித்திருக்கின்றன. யோசிக்கட்டும், அதுவும் ஒரு மனுசன் பிரச்சினைதான். ஆனால் திட்டு வாங்கியவளின் மானத்தைப் பற்றி, அவள் வாயாலேயே அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்த காகிதத்தைப் பற்றி யார் யோசிப்பது?

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. 'உனக்கு எதுக்கு' என்பது ஒரே கேள்வி அல்ல, இரண்டு. காகிதத்தைப் பூட்டி வைத்திருப்பவன் கேட்டால் அதற்குப் பதில் சொல்லும் கடமை நமக்கு இல்லை. அந்தக் காகிதத்துக்குள் கிடப்பவர் கேட்டால் பதில் சொல்லாமல் நகர முடியாது. சட்டம் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறது. சன்னலுக்கு நான் காரணம் சொல்ல வேண்டும். அத்தையிடம் கேட்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

"புஸ்தகத்துல போடல அத்தே. உனக்காக வாங்கறேன். உன் கேஸு. நீ கேளு, நான் கூட வரேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "செருப்பு எங்க வெச்சேன்" என்று தேடினார்.

5

மனு அத்தை பெயரில் போனது. புகார்தாரர், பாதிக்கப்பட்டவர் என்று எழுதினோம். இந்த முறை பிரமாணப் பத்திரம் கேட்கவில்லை. ஆனால் கட்டு கிடைக்கவில்லை, அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று நாலு மாதம் இழுத்தது. கடைசியில் பதினொரு பக்கம் வந்தது.

அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். தமிழில்தான் இருந்தது. அந்த வார்த்தை வரும் இடங்களைத் தாண்டிவிட்டேன்.

"நான் எங்கடா இருக்கேன் இதுல?"

"அ.சா.1ன்னு இருக்குதே, அதான் நீ. அரசுத் தரப்பு சாட்சி ஒண்ணு."

"பேரு?"

"மொதப் பக்கத்துல ஒரு தடவை. அப்புறம் நம்பர்தான்."

எட்டாம் பக்கத்தில் அது இருந்தது. அ.சா.1 சொன்னது இயல்பாகவும் நம்பும்படியும் இருக்கிறது, குறுக்கு விசாரணையில் அவர் சாட்சியம் அசைக்கப்படவில்லை, எதிரி அந்தச் சொற்களைச் சொன்னார் என்பதை நீதிமன்றம் நம்புகிறது. அடுத்த பத்தியில்: ஆனால் சம்பவம் நடந்தது வீட்டுக்குள், சமையலறைக்கும் கொல்லைக்கும் நடுவிலுள்ள நடையில். சட்டம் கேட்பது பொதுமக்கள் பார்வையில் படும் இடம். வெளியாள் எவரும் பார்த்ததாகச் சாட்சியம் இல்லை. ஆகவே விடுதலை.

சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. வீட்டு வாசல் கேட்டருகே திட்டினால் அது பொதுப் பார்வை என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாலு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாத இடம் என்றால் இல்லை என்று 2020இல் சொன்னது. தி.நகர், மயிலாப்பூர், அடையாறு என்று காலை ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பிப் போகும் நம் பெண்களின் வேலைத்தலமே அந்த நாலு சுவர்தான். அவர்களைத் திட்டுகிறவன் தெருவுக்கு வந்து திட்ட மாட்டான்.

அத்தை பேசவில்லை. அவர் வாய் குழறியதால் வழக்கு போகவில்லை என்பது அந்தப் பக்கத்தில் இருந்தது. இருபது வருஷப் பாரம் இறங்கும் என்று நான் எதிர்பார்த்தேன்.

"அப்போ..." என்றார். "நான் சொன்னத நம்பிட்டாங்க."

"ஆமாம் அத்தே."

"நம்பிட்டுதான் அவன உட்டுட்டாங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. இருபது வருஷமாகத் தன்மேல் வைத்திருந்த கோபத்தை அவர் இப்போது வேறு எங்கேயோ வைக்க வேண்டியிருந்தது. இது நிம்மதியா, இன்னொரு அடியா? இரண்டும்தான். 2001இல் இந்தப் பக்கம் கையில் இருந்திருந்தாலும் அவரே மேல்முறையீடு போக வழியில்லை. பாதிக்கப்பட்டவருக்கு அந்த உரிமை 2009 டிசம்பர் 31இல்தான் வந்தது. அதுவரை அரசாங்கம் மனசு வைக்க வேண்டும், இல்லையென்றால் சீராய்வு மனுவோடு உயர் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டும். சட்டப்படி இன்று அந்தக் காகிதத்தால் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் தன்னைப் பற்றித் தானே நம்பி வந்த ஒரு பொய்யை விட உண்மை அவருக்குச் சொந்தமாக இருப்பது மேல் என்றுதான் நினைக்கிறேன். அப்படி நினைக்க எனக்கு உரிமை உண்டா என்பதை அத்தைதான் சொல்ல வேண்டும். அவர் சொன்னது இதுதான்: "அந்த எட்டாம் பக்கத்த மட்டும் எம் பேத்திகிட்ட படிச்சிக் காட்டு. மத்தது வாணாம்." பதினொரு பக்கத்தையும் வாங்கிப் பெட்டியில் சம்மனோடு வைத்துக்கொண்டார். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்ட பிறகே எழுதுகிறேன். பெயர் இல்லாமல், அந்த வார்த்தை இல்லாமல்.

தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சேரியில், உங்கள் வீட்டில் 'தள்ளிட்டாங்க' என்ற சொல்லோடு முடிந்துபோன வழக்கு எத்தனை இருக்கிறது என்று கேளுங்கள். சம்மன், எஃப்.ஐ.ஆர்., எந்தத் துண்டுக் காகிதம் இருந்தாலும் எண்ணைக் குறித்து வையுங்கள். புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். வன்கொடுமை வழக்கென்றால் 2016 சனவரி முதல் 15ஏ பிரிவு இருக்கிறது. சாமீன் மனு உட்பட எந்த விசாரணையானாலும் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், அவரைக் கேட்க வேண்டும். முடிந்த வழக்கென்றால் கட்டு அழியும் முன் நகல் மனு போடுங்கள். சன்னலில் உனக்கு எதுக்கு என்று கேட்டால், அது எங்களைப் பற்றியது, அதனால் என்று சொல்லுங்கள்.

ஆனால் சன்னலுக்குப் போகுமுன் அந்த வீட்டுக்குப் போங்கள். அந்த அம்மாவிடம் முதலில் கேளுங்கள்.